தோள்பட்டை இறுக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி: போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

வெண்பலகை (புக்கிட் மெர்தாஜாம்)

எனக்கு வயது 53. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஐந்து மாதமாக வலது தோள் என் சொல்லைக் கேட்பதில்லை. முதலில் இரவு வலி வந்தது. அந்தப் பக்கம் ஒருக்களித்தால் பல்வலி போலக் குடைந்து எழுப்பிவிடும். பிறகு கை மேலே போக மறுத்தது. வெண்பலகையில் என் எழுத்து வாரத்துக்கு வாரம் கீழே இறங்கி, இப்போது பாடமெல்லாம் பலகையின் கீழ்ப்பாதியில்தான் நடக்கிறது. மேல் மூலையில் தேதி எழுதும் வேலையை நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி நாற்காலி போட்டு ஏறிச் செய்கிறாள். ஜூரு டோல் சாவடியில் கையை நீட்டி அட்டையைத் தட்ட முடியாமல், கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே விட்டு இடது கையால் தட்டுகிறேன். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பது தனிக் கதை.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் குறையில்லை என்றார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். இடது கை கதவு போலத் திறந்தது. வலது கை நாலு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. அவரே பிடித்துத் திருப்பியும் அதற்கு மேல் போகவில்லை. "தோள்பட்டை இறுக்கம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம். யோசித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

எனக்கு ஒன்பது ஆண்டாக இனிப்புநீர் (நீரிழிவு). மெட்ஃபோர்மின் எடுக்கிறேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.8 விழுக்காடு. ஸ்டீராய்டு என்றதும் என் நாத்தனார், "எலும்பு உளுத்துப்போகும், முகம் வீங்கும்" என்கிறார். என் மகன், "உடற்பயிற்சிக் கூடத்தில் போடுகிறார்களே, அதுவா அம்மா?" என்று சிரிக்கிறான். அடுத்த வாரம் மருத்துவருக்குப் பதில் சொல்ல வேண்டும். போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நுரை (ஜார்ஜ் டவுன்)

இருக்கிறேன் டீச்சர். 22 ஆண்டு தே தாரே இழுத்த கை என்னுடையது. ஒட்டுக்கடையில் தொடங்கி இன்று சொந்தக் கடை. குவளை தலைக்கு மேல் போனால்தான் தேநீர் நீளமாக விழும், நுரை கட்டும். ஒரு நாள் குவளை நெஞ்சைத் தாண்டவில்லை. முழ நீளம் விழ வேண்டியது சாண் நீளம் விழுந்தது. வாடிக்கையாளர் ஒருவர் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். அந்தப் பார்வை வலியைவிட மோசம்.

முதலில் சீன வைத்தியரிடம் போனேன். "ஐம்பது வயதுத் தோள்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சீனர்கள் இந்த நோய்க்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்போது வயது 51, கணக்கு சரி. பிறகு உருவி விடுபவர் ஒருவரிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்து மேலே ஒரு தள்ளு தள்ளினார். அன்று இரவு நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

நான்காம் மாதம் ஊசி. நாற்காலியில் முதுகு காட்டி உட்காரச் சொன்னார்கள். மருத்துவர் தோளின் பின்பக்க எலும்பு மூலையைக் கட்டைவிரலால் தடவி, அதற்குச் சற்றுக் கீழே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அல்ட்ராசவுண்ட் கருவியைப் பக்கத்தில் வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார். மருந்து நீர்த்த பால் போல வெள்ளையாக இருந்தது. குத்தியது பெரிதாகத் தெரியவில்லை. மருந்து இறங்கும்போது மூட்டுக்குள் யாரோ காற்று அடைப்பது போல ஒரு புடைப்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்போது கை லேசாக இருந்தது. ஆகா என்று நினைத்தேன். அது மரப்பு மருந்தின் வேலை என்று இரவில்தான் தெரிந்தது. முதல் இரண்டு இரவும் வலி கூடியது. மூன்றாம் இரவு, நான்கு மாதத்தில் முதல் தடவையாக, விடியும் வரை தூங்கினேன்.

செந்தூல்காரன் (கோலாலம்பூர்)

எல்லாரும் ஆகா ஓகோ என்பதற்கு முன் என்னுடையதையும் கேளுங்கள். எனக்கு ஊசி போட்டபோது கை இறுகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வலி பெரும்பாலும் போய்விட்டது, கை மட்டும் தூக்க முடியவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒன்று. ஒரு அங்குலம்கூட மாறவில்லை. "மூன்றாவது போட்டால் பார்க்கலாம்" என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு எதுவும் செய்யாமலே இரண்டாம் ஆண்டின் முடிவில் கை தானாகத் திறந்தது. தானாகச் சரியாகிற நோய்க்கு எதற்கு டீச்சர் ஊசி?

கப்பிக்கயிறு (பெட்டாலிங் ஜெயா)

நான் பிசியோதெரபிஸ்ட். பதினேழு ஆண்டாகத் தோள்களோடுதான் குடித்தனம். செந்தூல்காரன் அண்ணன் சொல்வது அவருடைய கைக்கு உண்மை. ஆனால் அவர் பதினான்காம் மாதத்தில் போட்டதை டீச்சரின் ஐந்தாம் மாதத்தோடு ஒப்பிடக் கூடாது.

தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. கீழ்ப்பக்கம் அது தொளதொளவென்று மடிந்து கிடக்கும். கையைத் தூக்கும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். இந்த நோயில் உறை முதலில் அழன்று சிவக்கிறது, பிறகு தழும்பு போலத் தடித்துச் சுருங்குகிறது. சாதாரண மூட்டு ஏறத்தாழ 20 மில்லிக்கு மேல் திரவம் ஏற்கும். நன்றாக இறுகிய மூட்டில் 10 மில்லி போவதே பெரிய பாடு. சலவையில் சுருங்கிய சட்டைக்குள் கையை விட்டுத் தூக்கிப் பாருங்கள், அதுதான்.

ஸ்டீராய்டு அந்த அழற்சியைத்தான் அடக்கும். இறுகிப்போன தழும்பைக் கரைக்காது. அதனால்தான் வலி தூக்கலாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் அதற்கு வேலை அதிகம், வலி போய் வெறும் இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு வேலை குறைவு. அண்ணனின் இரண்டு ஊசியும் தீ அணைந்த வீட்டுக்கு வந்த தீயணைப்பு வண்டிகள்.

"தானாகச் சரியாகும்" என்பதும் பாதிதான் சரி. 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 62 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டு கழித்து அழைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு லேசான வலியோ இறுக்கமோ இன்னும் இருந்தது. பெரும்பாலோருக்கு அன்றாட வேலைக்குத் தடையில்லை. ஆனால் பழையபடி என்று சொல்ல முடியாது.

டீச்சர் மகனுக்கு: உடற்கட்டுக்காகப் போடுவது ஆண் ஹார்மோன் வகை. இது கார்ட்டிசோன் வகை. நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் ஊறுவதன் உறவுக்காரன். 1948-இல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் கொடுத்தார், 1950-இல் அதற்காக நோபல் பரிசு வந்தது. நாத்தனார் சொல்கிற முகவீக்கமும் எலும்பு உளுத்தலும் மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்குவோருக்கு வருவது. ஒரு மூட்டில் ஒரு தடவை போடும் ஊசிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதற்காக அடிக்கடி போடலாம் என்றும் அர்த்தமில்லை. ஒரே மூட்டில் ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் யாரும் போக விரும்ப மாட்டார்கள். இரண்டு வாரத்தில் இரண்டாவது என்பதெல்லாம் எனக்கே நெருடுகிறது.

செந்தூல்காரன்

தீயணைப்பு வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. வண்டி வாடகை கொடுத்தவன் நான்.

பால்குடம் (ரவாங்)

டீச்சர், உங்களுக்கு இனிப்புநீர் இருப்பதால் எழுதுகிறேன். எனக்கும் உண்டு. ஊசி போட்ட நாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 6.9 மில்லிமோல். அன்று இரவு 13.4. மறுநாள் மதியம் 17.1. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அக்காவின் கருவியில் குத்திப் பார்த்தேன், அதுவும் 16-க்கு மேல் காட்டியது. தாகம், அரைமணிக்கொரு தரம் கழிவறை. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. ஆனால் என் நோய்க் குறிப்பேட்டில் முதல் வரியே இனிப்புநீர்தான். படித்திருந்தால் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் பயந்த பயத்துக்குத் தோள்வலியே தேவலை.

ஆறாம் நாள் பழையபடி ஆனது. தோள் நன்றாகவே திறந்தது, அதை மறைக்க மாட்டேன். எட்டு வாரத்தில் பின்னல் போட முடிந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படியும் ஏறினேன். பால்குடத்தை இரண்டு கையாலும் பிடிக்கத் தெம்பு வந்தது, கடைசி ஐம்பது படிக்கு மட்டும் தங்கை பக்கத்தில் நடந்தாள். ஆனால் நீங்கள் போடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கப்பிக்கயிறு

இதைத்தான் நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மூட்டு ஊசிக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை நீடிக்கும். ஏற்கெனவே கட்டுப்பாடு தளர்ந்தவர்களுக்கு ஏற்றம் அதிகம். டீச்சர், ஊசி போடும் தேதி முடிவானதும் உங்கள் இனிப்புநீர் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாரம் ஒரு நாளில் எத்தனை தடவை குத்திப் பார்ப்பது, எந்த அளவைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் தாங்களாக அளவைக் கூட்டக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், உடம்பில் வேறெங்காவது சீழோ காய்ச்சலோ இருப்பவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூட்டில் கிருமி புகுவது மிக அரிது. ஆனால் ஊசிக்குப் பிறகு காய்ச்சல், குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி, தோள் சிவந்து சுடுவது இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். முதல் இரண்டு நாள் சாதாரண வலி கூடுவது, முகம் சிவந்து சூடாவது, இவை தானே அடங்கும். ஊசி மருந்து தோலடியில் கசிந்தால் அந்த இடம் வெளுத்துப்போகலாம். நம்முடைய மாநிறத்தில் அது பளிச்சென்று தெரியும் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. இந்த நோய் பொதுவாக நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் என்பார்கள். இனிப்புநீர்க்காரர்களிடம் பத்து முதல் இருபது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே முப்பதையும் தாண்டியது. என் சிகிச்சை அறையில் ஏன் இவ்வளவு தமிழ்க் குரல் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். தோள்வலி என்று வந்தவரைச் சர்க்கரை பார்க்க அனுப்பி, அங்கேதான் இனிப்புநீர் இருப்பதே தெரியவந்த கதையும் எனக்கு உண்டு.

நுரை

என் கதையின் இரண்டாம் பாகத்தைச் சொல்லாமல் விட்டேன். வெட்கம்தான். ஊசி போட்டு ஆறு வாரம் கை அருமையாக இருந்தது. பயிற்சித் தாள் ஒன்று கொடுத்தார்கள். அதை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தேன். வலிதான் இல்லையே, எதற்குப் பயிற்சி? மூன்றாம் மாதம் மறுபடியும் குவளை நெஞ்சோடு நின்றது. தாளைத் தேடினால் அதன் பின்பக்கத்தில் யாரோ ரொட்டி சானாய்க் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நான்தான்.

கப்பிக்கயிறு

நுரை அண்ணே, உங்களைப் போல வாரத்துக்கு மூன்று பேரைப் பார்க்கிறேன். ஊசி நன்மை தரும் காலம் குறுகியது. 2020-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, அறுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளையும் 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. முதல் மூன்று மாதத்தில் மூட்டு ஊசி மற்றவற்றை முந்தியது. கூடவே வீட்டுப் பயிற்சியும் இருந்தால் நல்லது என்றது. அந்த மூன்று மாதம் வாசலைத் திறந்து வைக்கிறார்கள். உள்ளே நடந்து போக வேண்டியது நம் கால்.

அறுவை பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்பீர்கள். அதே 2020-இல் பிரிட்டனில் 503 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மயக்கம் கொடுத்துக் கையை வளைத்துவிடுவது, இன்னொன்றுக்குத் துளை வழியாக உறையை வெட்டிவிடுவது, மூன்றாவதற்கு ஊசியோடு ஒழுங்கான பிசியோதெரபி. ஓராண்டு முடிவில் ஒன்று மற்றொன்றைவிடக் குறிப்பிடும்படி உயர்ந்து நிற்கவில்லை. ஆகவே மலிவானதையும் லேசானதையும் முதலில் பார்ப்பதில் தவறில்லை.

செந்தூல்காரன்

சரி, ஊசி ஆரம்பத்தில் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் யார் ஊசி போடுகிறார்கள்? எனக்கு அரசாங்க மருத்துவமனையில் 5 வெள்ளிதான் கட்டணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளினிக்கில் வலி மாத்திரை இரண்டு மாதம், பிறகு சிபாரிசுக் கடிதம், பிறகு தேதி நான்கு மாதம் தள்ளி. அந்தத் தேதியன்று பொது விடுமுறை, இன்னும் ஆறு வாரம். நானாகத் தாமதிக்கவில்லை. தனியாருக்கு ஓடியது அதற்குப் பிறகுதான். தீ அணையும் வரை வண்டி ஏன் வரவில்லை என்பதையும் பேசுங்கள்.

கப்பிக்கயிறு

அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கிளினிக்கில் "தோள் வலி" என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். "முழங்கையை விலாவில் ஒட்டி வைத்தால் முன்கை வெளியே திரும்பவில்லை, வேறொருவர் திருப்பினாலும் திரும்பவில்லை, இரவில் எழுப்புகிறது, எனக்கு இனிப்புநீர்" என்று சொல்லிப் பாருங்கள். கடிதம் வேகமாக எழுதப்படுவதை நான் கண்டிருக்கிறேன். தசைநார் கிழிந்தவர்களுக்குப் பெரும்பாலும் தானாகத் தூக்க வராது, ஆனால் பிறர் தூக்கினால் கை போகும். இறுக்கத்தில் யார் தூக்கினாலும் போகாது. அந்த வித்தியாசம் ஒரு வரியில் மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

தங்கப்பன்_பேரன் (பட்டர்வொர்த்)

என் பாட்டிக்கு இதே பிரச்சினை. பயிற்சி என்றால் வலிக்க வலிக்க இழுக்க வேண்டுமா? மாமா அப்படித்தான் சொல்கிறார், பாட்டி அழுகிறார்.

கப்பிக்கயிறு

மாமாவை நிறுத்தச் சொல்லுங்கள். 2004-இல் நெதர்லாந்தில் 77 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வலியை மீறி இழுத்தவர்களைவிட, வலி எல்லைக்குள் மெதுவாக அசைத்தவர்களே இரண்டு ஆண்டு முடிவில் நன்றாக இருந்தார்கள். வலி தூக்கலாக இருக்கும் கட்டத்தில் பாட்டி மேசையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, மணியின் நாக்கு போல ஆட்டினால் போதும். அடுத்தது சுவர். சுவரைப் பார்த்து நின்று இரண்டு விரலைப் பல்லி போல ஏறவிட வேண்டும். நிற்கிற இடத்தில் பென்சில் கோடு. நாளைக்கு அந்தக் கோட்டைத் தொட்டால் போதும், தாண்ட வேண்டியதில்லை. மூன்றாவது, மடக்கிய குடையை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுவது. பயிற்சிக்குப் பிறகு வலி பத்து நிமிடத்தில் அடங்கினால் சரியான அளவு. இரவு வரை நின்றால் அளவு மிஞ்சிவிட்டது.

வெண்பலகை

ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். ஊசி போட்டுக்கொண்டேன். பால்குடம் தங்கையின் பதிவை அச்சடித்து இனிப்புநீர் மருத்துவரிடம் எடுத்துப்போனேன். அவர் படித்துவிட்டு ஒரு நாளைக்கு நான்கு தடவை குத்திப் பார்க்கச் சொன்னார், 15-ஐத் தாண்டினால் கூப்பிடச் சொல்லி எண் கொடுத்தார். இரண்டாம் நாள் 14.2 வரை போனது, ஐந்தாம் நாள் இறங்கியது. கூப்பிட வேண்டி வரவில்லை. ஆனால் அந்த எண் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது எனக்குத் தூக்கம் கொடுத்தது.

வலி நான்காம் நாள் குறைந்தது. சமையலறைச் சுவரில் பென்சில் கோடுகள் ஏணி போல நிற்கின்றன. முதல் கோடு அடுப்பு மேடையிலிருந்து ஒரு சாண் உயரம், நேற்றைய கோடு மசாலா டப்பா அலமாரி. வெளிப்பக்கம் திரும்புவதுதான் மந்தம், பாதிதான் வந்திருக்கிறது. டோலில் இப்போது கதவைத் திறப்பதில்லை, ஆனால் சாவடியை உரசுகிற மாதிரி காரை நெருக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று கணவர் சொல்கிறார். விடமாட்டேன்.

பலகையின் மேல் மூலை போன வெள்ளிக்கிழமை எட்டியது. தேதி எழுதக் கையைத் தூக்கினேன். அந்த மாணவி நாற்காலியோடு வந்து நின்றுகொண்டு, "டீச்சர், அது என் வேலை" என்றாள். கொடுத்துவிட்டேன்.

நுரை

மகிழ்ச்சி டீச்சர். எனக்கு வேறொரு சேதி. வலது கை இப்போது முக்கால்வாசி சரி. சனிக்கிழமையிலிருந்து இடது தோள் இரவில் குடைகிறது. முதலில் படுத்த விதம் என்று நினைத்தேன். இன்று காலை கடையைத் திறக்கும்போது முழங்கையை விலாவில் ஒட்டி வைத்து முன்கையைத் திருப்பிப் பார்த்தேன். வலதைவிட இரண்டு விரற்கடை குறைகிறது.

கப்பிக்கயிறு

ஒரு பக்கம் வந்தவர்களில் சிலருக்கு மறுபக்கமும் வருவதுண்டு அண்ணே. சர்க்கரை பார்த்தீர்களா?

நுரை

நாளைக் காலை வெறும் வயிற்றில் கிளினிக்கில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்த வரியைப் பழைய ரொட்டி சானாய்த் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.